செக்குபந்தி

ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு பண்டிகையும் ஒட்டிக்கொண்டு தொடர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்துவிட்டால், சென்னையை விட்டு வெளியேறும் ஜனத்திரளைப் பற்றிப் பத்திரிகைகள் தவறாமல் எழுதுகின்றன. பஸ் நிலையங்களில் கால் வைக்க இடமில்லாததும், தாம்பரத்துக்கு அப்பால் வாகனங்கள் ஊர்ந்து செல்வதும் ஒவ்வொரு தடவையும் புதிய சமாசாரம்போலவே படிக்கப்படுகின்றன. அதே நாட்களில் எதிர்த்திசையில், கூட்டமில்லாத வண்டிகளில் ஏறி, இந்நகரத்துக்கு உள்ளே வருகிற ஒரு சிறு கூட்டமும் உண்டு. காவேரிக் கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ பூர்வீகம் என்று சொல்லிக்கொள்ளத்தக்க வீடு எதுவும் மிச்சமில்லாமல், தகப்பனார் உத்தியோக நிமித்தம் வந்து குடியேறிய புறநகர்த் தெருவே பிறந்த ஊராகவும் படித்த ஊராகவும் அமைந்து, பிற்பாடு தங்கள் பிழைப்பு வேறு ஊர்களில் என்று ஆகிவிட்டபடியால், பண்டிகைக்குப் பண்டிகை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் திரும்பி வருகிறவர்கள் இவர்கள். பட்டணத்தையே கிராமமாக உடைய இந்த வகுப்பார் நம் நாட்டில் புதியவர்கள். கிராமத்துக்குத் திரும்புகிறவனைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். தொழிற்பேட்டைக்குத் திரும்புகிறவனை அவர்கள் அவ்வளவாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் மூவர். அக்கா கோயமுத்தூரில் இருக்கிறாள், தம்பி பெங்களூரில், இடையில் பிறந்த நான், இடையில் பிறந்தவர்களின் ஸ்வபாவப்படி, இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையும் விஜயதசமி சனிக்கிழமையுமாக அமைந்த ஒரு வருஷம் மூவரும் ஒன்றுசேர நேர்ந்தபோது, நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது என்ற யோசனையை முதலில் வெளியிட்டவன் தம்பி. அவன் மனத்தில் இருந்தவை கடற்கரை, மாமல்லபுரம் சாலை, இரவு வெகுநேரம் திறந்திருக்கும் சாப்பாட்டுக்கடைகள் இத்யாதி. அக்கா ஒப்பவில்லை.

"மெரினா எங்கடா ஓடிப்போகுது? நம்ம பக்கத்தை என்னிக்காவது சுத்திப் பாத்திருக்கமா?" என்று கேட்டாள்.

"நம்ம பக்கத்துல பாக்க என்னக்கா இருக்கு?" என்றான் அவன்.

அவன் கேட்டது நியாயந்தான். நாங்கள் சிறுபிராயத்தினராயிருந்த காலத்தில், சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறுவதற்கே "மெட்ராசுக்குப் போறோம்" என்றுதான் எங்கள் தெருவில் சொல்வார்கள். மெட்ராஸ் என்பது எழும்பூர்க் காட்சிசாலையும், கடற்கரையும், 1959-இல் திறந்த பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடமும் உள்ள வேற்றூர். எங்கள் அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தானே ஒரு மாநகராட்சியாயிற்று. ஆயினும் காரியாலயத்துப் பெயர்ப்பலகை மாறுவதற்கும் ஜனங்களின் மனம் மாறுவதற்கும் உள்ள சம்பந்தம் சொற்பமே. வெளியூர் உறவினர் வந்தால் அவர்களைக் கிழக்கே அழைத்துச் சென்றோமேயன்றி, மேற்கே பார்க்கத்தக்கது எதுவும் உண்டென்று எங்களுக்குத் தோன்றியதில்லை.

ஒரு பெருநகரம் வளர்கிற விதத்தைச் சற்று நிதானித்துக் கவனித்தால், தனக்கு அத்தியாவசியமாக வேண்டியவையும், ஆனால் தன் மத்தியில் இடங்கொடுக்க மனமில்லாதவையுமான காரியங்களையெல்லாம் அது ஏதேனும் ஒரு திசையில் தள்ளிவைப்பது புலனாகும். சென்னைக்குக் கிழக்கே சமுத்திரம். ஆகவே குடிநீரைத் தேக்கும் ஏரி, இரும்பைக் கடையும் பட்டறை, டாங்கி செய்யும் ராணுவத் தொழிற்சாலை, ஊருக்குள் விசாரிக்க அஞ்சிய வழக்கு ஆகிய யாவும் மேற்கே வந்து சேர்ந்தன. இவை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னமே இங்கே பாடல் பெற்ற ஸ்தலங்களும் ஆழ்வார் பிறந்த திருமழிசையும் இருந்தன. ஆனால் தள்ளிவைத்த நகரத்துக்கு அந்த விருத்தாந்தம் தெரியாது. இங்கேயே வளர்ந்த எங்களுக்கு மட்டும் எவ்வளவு தெரிந்திருந்தது!

1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிற்று. அந்தத் தண்டவாளம் இந்த ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையேதான் சென்றது என்றாலும், ரயில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததேயன்றி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்விடத்தை அது பெரிதாக மாற்றிவிடவில்லை. மாற்றியது சைக்கிள். முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் கூட்டாக 1949-இல் ஸ்தாபித்த டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ் சைக்கிளை அம்பத்தூரில் செய்யத் தொடங்கிய பிறகு, டயர் செய்ய டன்லப் வந்தது, பாடியில் டி.வி.எஸ். குடும்பத்தாரின் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இவற்றுக்கெல்லாம் வேண்டிய ஆணியும் வளையமும் உறையும் கடைந்து கொடுக்கச் சிறு பட்டறைகள் வேண்டியிருந்தபடியால், ஆர். வெங்கட்ராமன் கைத்தொழில் மந்திரியாயிருந்த சமயத்தில், 1964-ஆம் வருஷம், சுமார் 1,430 ஏக்கர் பரப்பில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்டது. பேட்டை எழுந்த அந்த வருஷங்களில், வட ஆர்க்காட்டிலிருந்தும் தென்பாண்டி நாட்டிலிருந்தும் ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்டோடு வந்து இறங்கிய வாலிபர்கள் எத்தனை ஆயிரமோ. எங்கள் தகப்பனார் அவர்களில் ஒருவர். டர்னர். லேத்துக்கு முன்னால் நின்றுகொண்டே ஆயுளைக் கழித்த மனிதர்.

ஆயுத பூஜையைத் தொழிற்பேட்டையில் பார்க்காதவர்கள் அந்தப் பண்டிகையின் பொருளில் பாதியை அறியாதவர்கள் என்பது என் அபிப்பிராயம். வீடுகளில் சரஸ்வதிக்கு முன்னால் புஸ்தகங்களை அடுக்கிவைப்பதில் ஒரு சம்பிரதாயந்தான் இருக்கிறது. பேட்டையிலோ, வருஷம் முழுவதும் எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்து கிடக்கும் தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டு அலம்பி, லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனப் பொட்டு வைத்துச் சாமந்தி மாலை சாத்தி, கைவிரலை வாங்கிக்கொள்ளத் தயங்காத அந்த யந்திரங்களின் முன்னால் வாழையிலை விரித்துப் பொரியும் அவலும் கடலையும் வைத்துக் கும்பிடுகிறவனுடைய பக்தியில், பயமும் சிநேகமும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பிரித்துச் சொல்ல முடியாது. தெருமுனையெங்கும் திருஷ்டிப் பூசணிக்காய் உடைந்து குங்குமச் சிவப்பாகச் சிதறிக் கிடக்க, வருகிற இருசக்கர வாகனங்கள் அதில் சறுக்காமல் வளைந்து வளைந்து போயின. கண்ணாடி முகப்புகளோடு எழுந்துள்ள ஐ.டி. கட்டடங்களின் வாயிலிலும் பூசணிக்காய் உடைந்திருப்பதைக் கண்டு தம்பி வியந்தான். கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைக்கிற தேசத்தில் இதில் வியக்க ஒன்றுமில்லை.

தகப்பனார் வேலைபார்த்த பட்டறை இருந்த தெருவை அக்காதான் கண்டுபிடித்தாள். கொட்டகையின் கூரை மட்டும் பழையது; உள்ளே நடப்பது வேறு யாருடைய தொழிலோ. பூஜைக்கு நின்றிருந்த முதலாளி, அறிமுகமில்லாத எங்களுக்கும் ஆளுக்கொரு பொட்டலம் பொரி கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே அக்கா, ஏதோ விலைவாசி பேசுவதைப்போல், பட்டறை மூடிக் கிடந்த வருஷத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கூலித் தகராறில் கதவு சாத்திவிட்டார்கள். தகப்பனார் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். அம்மாவோடு அடகுக்கடைக்குப் போய், வளையல் இரண்டையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்ததையும், சாயங்கால வேளைகளில் கஞ்சியில் தண்ணீரின் பாகம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனதையும், அடகுச் சீட்டு தொலையாமலிருக்க அதைத் தன் பூகோளப் புஸ்தகத்தில் அம்மா வைத்திருந்ததையும் அவள் சொன்னாள்.

எனக்கும் அந்த வருஷம் நன்றாக ஞாபகமிருக்கிறது. பட்டறைக்குப் போகாமல் தகப்பனார் பகலெல்லாம் வீட்டில் இருந்த ஒரே வருஷம் அதுதான். அவருடைய ஹெர்குலிஸ் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு நான் ஓட்டக் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஏரிக்கரையில் சீட்டைப் பிடித்துக்கொண்டே அவர் ஓடிவந்ததும், பிடியை விட்டுவிட்டு வெகுதூரத்தில் நின்று சிரித்ததும் என் பால்யத்தின் மிகச் சந்தோஷமான காட்சி. கஞ்சியின் ருசி எனக்கு ஞாபகமேயில்லை. தம்பி அப்போது பிறக்கவில்லை. பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

"இதெல்லாம் என்கிட்ட ஏன் யாருமே சொல்லல?" என்றான்.

"நீ கேக்கலியேடா," என்றாள் அக்கா.

எங்களுக்குப் பிதுரார்ஜிதமாக உள்ளது இரண்டு அறைகளும் ஒரு கிணறும் கொண்ட வீடு ஒன்றுதான். அதைப் பற்றி எங்களுக்குள் வழக்கு எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் வளர்ந்த ஊரை எங்களுக்கே தெரியாமல் யாரோ பாகப்பிரிவினை செய்து, மூன்று பத்திரங்களிலும் செக்குபந்தி விவரத்தை வெவ்வேறாக எழுதிவிட்டிருக்கிறார்கள் என்று அன்று தோன்றிற்று. அக்காவின் பத்திரத்தில் மேற்கெல்லை ஏரித் தண்ணீர்; மழைக்காலத்தில் அம்பத்தூர் ஏரி நிரம்பிக் கொரட்டூர் ஏரிக்குக் கலங்கல் பாய்கிற சப்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. என் பத்திரத்தில் மேற்கெல்லை ஏரிக்கரை. தண்ணீர் எட்டத்துக்குப் போய்விட்டது, கரையில் சைக்கிள் ஓட்ட இடமிருந்தது. தம்பியின் பத்திரத்திலோ மேற்கே வீடுகள்தான். டன்லப் தொழிற்சாலை அக்காவுக்கு மாலை நேரத்து ரப்பர் வாசனை, எனக்குப் பூட்டிய கதவு, அவனுக்கு ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். ஒரே வீட்டில், ஒரே தாய் தகப்பனாரிடம், சில வருஷ இடைவெளியில் பிறந்த மூவர் மூன்று ஊர்களில் வளர்ந்திருக்கிறோம். அவரவர் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதுவே முழு ஊர் என்று இத்தனை காலமும் நம்பியிருக்கிறோம். சிநேகிதர்களோடு ஊர் சுற்றுவதற்கும் உடன்பிறந்தாரோடு சுற்றுவதற்கும் உள்ள பேதம் இதுவென்று நினைக்கிறேன். சிநேகிதன் நாம் சொல்வதைக் கேட்டுக்கொள்வான். உடன்பிறந்தவர்கள் சாட்சி சொல்வார்கள். அதிலும் பெரும்பாலும் எதிர்ச்சாட்சி.

மறுநாள் ரயிலேறி மேற்கே போனோம். திருமுல்லைவாயிலில் இறங்கி மாசிலாமணீசுவரரைத் தரிசித்தோம். முல்லைக்கொடி யானையின் காலைச் சுற்றிக்கொள்ள, அதை வெட்டப் போன தொண்டைமானின் வாள் லிங்கத்தில் பட்டது என்பது ஸ்தல புராணம். மற்றச் சிவாலயங்களில் ஸ்வாமியை நோக்கி இருக்கும் நந்தி, இங்கே தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட பாவனையில் வெளிப்புறம் நோக்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமையோடு கூடிய பௌர்ணமியில், காலையில் மேலூர்த் திருவுடையம்மனையும் உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும் மாலையில் இங்குள்ள கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிக்க அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் பஸ் மாறி மாறிப் போவார்கள். அவர்கள் அளவுக்கு இந்த நகரத்தின் வடமேற்கை முழுதாக அறிந்தவர்கள் அந்நாளில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆவடியில் நெடுநேரம் நிற்கவில்லை. நிற்கவைக்கும்படி அங்கே வெளிப்படையாக எதுவும் இல்லை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபையின் அறுபதாவது வருஷாந்திரக் கூட்டம், யு. என். தேபர் அக்கிராசனத்தில், சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்ட பந்தலில் கூடி, சோஷலிஸ பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் நிறைவேற்றிய இடம் இந்த ஆவடி என்று தம்பியிடம் சொன்னபோது, பொருளாதாரம் படித்தவனாகிய அவன், பாடப்புஸ்தகத்தில் வருகிற ஆவடியும் தான் தினந்தோறும் ரயிலில் கடந்து காலேஜுக்குப் போன ஆவடியும் ஒன்று என்று அன்றுவரை நினைத்துப் பார்த்ததேயில்லை என்று ஒப்புக்கொண்டான். தீர்மானம் நிறைவேறிய ஆறு வருஷத்துக்கெல்லாம், 1961-இல், அரசாங்கத்தின் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே ஏற்பட்டது. 1965-இன் கடைசி நாட்களில் முதல் விஜயந்தா டாங்கி அதன் வாயிலைத் தாண்டி வெளிவந்தது. சோஷலிஸம் எந்த உருவத்தில் வந்தது என்று கேட்பவர்களுக்கு ஆவடி சொல்லக்கூடிய பதில் அதுதான் போலும். 2021-இல் அந்தத் தொழிற்சாலையும் அரசுக் கம்பெனி ஒன்றின் கீழ் கொண்டுவரப்பட்டுவிட்டது.

ஆவடிக்கு அப்பால், இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி என்ற நிலையங்களைத் தாண்டினால் திருநின்றவூர். எங்கள் பிரயாணத்தில் நாங்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்த இடம் அங்கே உள்ள இருதயாலீசுவரர் கோயில். பூசலார் கதையைத் தமிழர்கள் அறிவார்கள். சிவனுக்கு ஓர் ஆலயம் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, எங்கு தேடியும் பொருள் கிடைக்காமல், கடைசியில் மனத்துக்குள்ளேயே நிதி சேர்த்து, தச்சரை அழைத்து, நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, இரவும் உறங்காமல் சிகரம் எடுத்து, சுதை வேலை முடித்து, கிணறும் குளமும் தோண்டி, மதிலும் எழுப்பிக் கும்பாபிஷேகத்துக்கு முகூர்த்தம் வைத்தார். அதே முகூர்த்தத்தைக் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்கு வைத்திருந்த பல்லவ மன்னன் கனவில் ஈசன் தோன்றி, நாளை நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, உன் கோயிலுக்கு வேறு நாள் பார் என்றான். மன்னன் பதறிக்கொண்டு வந்து, கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்டான்; அப்படி ஒரு கோயில் இல்லை என்றார்கள் ஊரார்.

பக்தியின் பெருமையைச் சொல்வதற்காகவே எல்லாரும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கதையில் மிகுந்த ஆச்சரியம் விளைவிப்பது வேறொன்று: கிணறு. மனத்தில் கட்டுகிற கோயிலுக்குக் கிணறு எதற்கு? மதில் எதற்கு? யாரும் புகுந்துவிட முடியாத இடத்துக்கு மதில் வைத்தவர், யாரும் தண்ணீர் இறைக்காத கிணற்றைத் தோண்டியவர், ஒரு கொத்தனாரின் சிரத்தையோடு ஒவ்வொன்றையும் முறைப்படி செய்தபடியால்தான் அது கோயிலாயிற்று. வெறும் ஆசையாக நின்றிருந்தால் ஈசன் அதற்காகத் தேதியை மாற்றியிருக்க மாட்டான். பூசலார் கட்டியது அதுவரை இல்லாத ஒன்றை. நானும் என் உடன்பிறந்தாரும் கட்டப் பார்த்தது இருந்து மறைந்துபோன ஒன்றை. அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது: வேலையைத் தனியாகச் செய்தார். கிணறு வாசலில் இருந்ததா கொல்லையில் இருந்ததா என்று அவரோடு வாதிட அக்காவும் தம்பியும் இல்லை.

அங்கே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது உள்ளபடியே அந்த வாதம் நடந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றுக்குத் துவைக்கிற கல் எந்தப் பக்கம் என்பது விஷயம். கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொட்டி கட்டியவன் நானேயாகையால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டென்று எண்ணினேன், அக்கா ஏற்கவில்லை. தான் துவைத்த கல் அது என்றும், நான் எடுத்தது பிற்பாடு போட்ட வேறு கல் என்றும் அவள் சாதித்தாள். ஆலயத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர் எங்கள் சம்பாஷணையைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, வீடு விற்பனைக்கா என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனோம். ராமாநுஜருக்கு வழிகாட்டியாயிருந்தவரும், பிரம்மசாரியாகவே இருந்து காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவருமான திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. அவர் பூப்பறித்துத் தொடுத்து நாள்தோறும் காஞ்சிக்குக் கொண்டுபோனார் என்பது ஐதீகம்; அந்த வழியில்தான் இன்று பெங்களூர்ச் சாலையின் லாரிகள் ஓடுகின்றன, சாலைக்கு மேலே மெட்ரோவின் தூண்கள் நிற்கின்றன. அக்காவுக்கோ பூந்தமல்லி என்றால் பிராட்வேயிலிருந்து வரும் 54-ஆம் நம்பர் பஸ்ஸும், தனிக் கோர்ட்டும். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்ட வழக்கு இங்கே தனிக் கோர்ட்டில் வருஷக்கணக்காக நடந்து, 1998 ஜனவரி 28-ஆம் தேதி இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை விதித்துத் தீர்ப்பாயிற்று. மறு வருஷமே சுப்ரீம் கோர்ட்டில் அவர்களில் பத்தொன்பது பேர் விடுதலையானார்கள். அந்த ஜனவரி நாளில் போலீஸ் பந்தோபஸ்தின் காரணமாகப் பஸ்ஸிலிருந்து நடுவழியில் இறக்கிவிடப்பட்டு, வீட்டுக்கு நடந்தே வந்ததை அக்கா சொன்னாள். இருபத்தாறு என்ற எண்ணைக் கேட்டதும் பஸ்ஸில் வந்த பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லையாம்.

செம்பரம்பாக்கம் ஏரி அங்கிருந்து கிட்டத்தில்தான். கரைமேல் ஏறி நின்றால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, உயரம் 24 அடி. சோழர் காலத்து நாட்டுப்புற ஏரிபோலப் பார்வைக்குச் சாந்தமாக இருக்கும் இதன் மதகுகளிலிருந்து 2015 டிசம்பர் முதல் தேதி இரவு வினாடிக்கு 29,000 கனஅடி அளவுக்குத் தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. நகரத்தின் தெற்குப் பகுதிகள் மூழ்கின. எங்கள் பக்கத்தில் மழையே போதுமானதாயிருந்தது, தெருவில் முழங்காலளவு நின்றது. அன்றைக்கு நான் இங்கே தனியாக இருந்தேன். கோயமுத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இவர்கள் இருவரும் விடிய விடிய எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஒரு லைனும் கிடைக்கவில்லை. மின்சாரமற்ற வீட்டில் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, படியை எண்ணித் தண்ணீரை அளந்துகொண்டிருந்த எனக்கு அது ஒரு வேலை நிறைந்த இரவு, பயப்பட அவகாசமில்லை. பயந்தவர்கள் தூரத்தில் இருந்த இவர்கள்தான் என்பதும், டெலிவிஷனில் திரும்பத் திரும்ப ஒரே பாலத்தைக் காட்டியதைப் பார்த்துக்கொண்டு அக்கா அழுதாள் என்பதும் ஏரிக்கரையில் நின்றபோது எனக்குத் தெரியவந்தது. வெள்ளத்தை நேரில் கண்டவன் நான். ஆனால் அதன் முழு அளவை அறிந்தவர்கள் அவர்கள்.

சாயங்காலம் குன்றத்தூருக்குப் போய்ச் சேர்ந்தோம். சேக்கிழார் பிறந்த ஊர். சோழநாட்டுத் திருநாகேசுவரத்தின்மேல் உள்ள பிரேமையால், அதைப் போலவே தம் ஊரிலும் ஓர் ஆலயம் அவர் எடுப்பித்தார். பூசலாரைப் போலன்றிக் கல்லில் எடுப்பித்தார், அதற்கு வேண்டிய மந்திரிப் பதவி அவருக்கு இருந்தது. பூசலாரின் கதையை நமக்கு விஸ்தாரமாகப் பாடி வைத்தவரும் அவரேதான் என்பதை நினைக்க, இந்தப் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றி இந்தப் பக்கத்து மனிதரே எழுதியிருக்கிறார் என்ற சிறிய கர்வம் எனக்கு உண்டாயிற்று.

சேக்கிழாருக்கு ஒரு தம்பி உண்டு; பெயர் பாலறாவாயர். அநபாய சோழனிடம் பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, அண்ணன் தில்லையில் அடியார்களின் சரித்திரத்தில் ஆழ்ந்துவிட்டபோது, அரசன் தொண்டைமான் என்ற பட்டத்தைத் தம்பிக்குக் கொடுத்துத் தொண்டை நாட்டுக் காரியங்களை அவர் பொறுப்பில் விட்டான் என்று சேக்கிழாரின் வரலாறு சொல்கிறது. அவ்வளவுதான் அவரைப் பற்றிய பேச்சு. அண்ணனுடைய காவியத்தில் அறுபத்துமூவர் இருக்கிறார்கள். அரசர்கள், வேடர், குயவர், வண்ணார், மீனவர் எல்லாரும் இருக்கிறார்கள். தமையனாரின் உத்தியோகத்தை ஏற்று ஏரிக்கரை உடையாமல் பார்த்துக்கொள்ளவும் வரி வசூலிக்கவும் பின்தங்கிய தம்பிக்கு அதில் இடமில்லை. இருக்க நியாயமுமில்லை, நிர்வாகம் நன்றாக நடந்தால் எழுத ஒன்றும் ஏற்படுவதில்லை. எனினும் இந்தக் கதையை அதுவரை கேட்டிராத தம்பிக்கு அது நியாயமாகப் படவில்லை.

"பாட்டு எழுதப் போனவருக்குக் கோயில். ஊரைப் பாத்துக்கிட்டவருக்கு ஒண்ணும் இல்லியா?" என்றான்.

"அவருக்குத்தான் தொண்டைமான் பட்டம் குடுத்தாங்களேடா. உங்க அண்ணனுக்கும் ஒண்ணு குடுத்துடலாம்," என்றாள் அக்கா.

பட்டம் இருக்கட்டும், இந்த அரையாண்டுக்குச் சொத்துவரி கட்ட வேண்டியிருக்கிறது, கிணற்று மோட்டாரும் போய்விட்டது என்று நான் தெரிவித்தேன். தம்பி உடனே கைபேசியை எடுத்து, முழுத் தொகையையும் தானே அனுப்புவதாகச் சொன்னான். பட்டறை மூடிக் கிடந்த வருஷத்தில் தான் எந்தப் பங்கும் ஏற்கவில்லை என்பது அவன் வாதம். பிறக்காதவனுக்கு அந்தக் கடனில் பங்கு கிடையாது, மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று அக்கா என்னிடம் உத்தரவு போட்டாள். அவன் அதற்கும் ஒப்பவில்லை. பல்லாவரம் பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. பிறகு பூந்தமல்லி பஸ்ஸும் வந்தது. மோட்டாரின் விலையை இதில் சேர்ப்பதா தனியே வைப்பதா என்பது நாங்கள் அதில் ஏறி உட்கார்ந்த பின்பும் முடிவாகவில்லை.